பிஏஎஸ்எல்பி முடித்துவிட்டு அமெரிக்காவில் ஸ்பீச் பெத்தாலஜி முதுகலை: வாய்ப்பு உண்டா, எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னையில் பிஏஎஸ்எல்பி (காது கேட்பு, பேச்சு, மொழிக் குறைபாடுகளுக்கான இளங்கலைப் படிப்பு) படித்து, இப்போது கடைசி வருட இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் ஸ்பீச்-லாங்குவேஜ் பெத்தாலஜி முதுகலைக்கு விண்ணப்பிக்க ஆசை. மொத்தம் 68 சதவீதம். இன்டர்ன்ஷிப்பில் காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்பதற்காக அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கருவி) வைத்த குழந்தைகளையும், பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவர்களையும்தான் அதிகம் பார்க்கிறேன். எனக்கு இடம் கிடைக்குமா? ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதணுமா? எஸ்ஓபியில் (ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) என்ன எழுதுவது? இல்லை, இங்கேயே எம்எஸ்சி படிப்பது நல்லதா?"

நானும் சென்னையில் பிஏஎஸ்எல்பி படித்தவன். அமெரிக்காவில் முதுகலை முடித்து, இந்த நாட்டிலேயே ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். முதுகலை மாணவர்கள் எங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். அதனால் பல்கலைக்கழகங்கள் எப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன என்பது ஓரளவு தெரியும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நம்முடையது லைசென்ஸ் வாங்கிச் செய்யும் தொழில். கம்ப்யூட்டர் படித்தவர் எந்த நாட்டுப் பட்டத்தை வைத்துக்கொண்டும் எந்த நாட்டிலும் வேலை தேடலாம். நமக்கு அப்படி இல்லை. இந்தியாவில் ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் பதிவு எண் வேண்டும். அமெரிக்காவில் அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். அதோடு ஆஷா என்று சொல்லும் அமெரிக்கன் ஸ்பீச்-லாங்குவேஜ்-ஹியரிங் அசோசியேஷனின் சான்றிதழும் இருந்தால்தான் பெரும்பாலான வேலைகளுக்கு வழி. கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் சங்கங்களுடன் ஆஷாவுக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. இந்தியா அதில் இல்லை. ஆகவே "எங்கே படிக்கலாம்?" என்று யோசிக்காதீர்கள். "அடுத்த பத்து வருடம் எந்த நாட்டு நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன்?" என்று யோசியுங்கள்.

தமிழ்நாட்டில்தான் வேலை செய்வேன் என்பது பதிலானால், அமெரிக்க முதுகலை தேவையே இல்லை. மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கும் ஐஷ் (அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம்), மும்பையில் அலி யாவர் ஜங் நிறுவனம், சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திரா என்று நல்ல எம்எஸ்சி படிப்புகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு வருடம், செலவு பல மடங்கு குறைவு. ஒரே நாளில் திக்குவாய், ஆட்டிசம், அஃபேசியா (மூளைப் பாதிப்பால் பேச்சும் மொழியும் குலைவது), குரல் கெட்டுப்போன பள்ளி ஆசிரியை என்று வரிசையாக வரும் கேஸ்களும் கிடைக்கும். நம் மொழிகளில் பரிசோதனை முறைகளை உருவாக்கும் வேலை இன்னும் எவ்வளவோ பாக்கி கிடக்கிறது. அதை நம் ஊரில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும். "ஃபாரின் டிகிரி இருந்தால் மதிப்பு" என்பதற்காக மட்டும் கல்விக்கடன் வாங்கி வராதீர்கள்.

அமெரிக்காவில்தான் தொழில் செய்ய வேண்டும் என்றால், விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே பணத்தையும் விசாவையும் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு இரண்டு வருடக் கல்விக் கட்டணம் மட்டுமே 50,000 டாலரைத் தாண்டும் இடங்கள்தான் அதிகம். சில தனியார் பல்கலைக்கழகங்களில் இது இரட்டிப்பு. பிஎச்டிக்கு உதவித்தொகை சாதாரணம். ஆனால் மருத்துவப் பயிற்சியோடு கூடிய இந்த முதுகலைக்கு முழு உதவித்தொகை அபூர்வம். ஆராய்ச்சியில் உண்மையான ஆர்வம் இருந்தால் இந்தியாவில் எம்எஸ்சி முடித்துவிட்டு நேராகப் பிஎச்டிக்கு விண்ணப்பிப்பது பலருக்கு மேலான வழி. நம் ஊரிலிருந்து போய் இந்தத் துறையில் பேராசிரியர்களாக இருப்பவர்களில் நிறையப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

படிப்பு முடிந்த பின் கிடைக்கும் ஓபிடி வேலை அனுமதி 12 மாதம். கம்ப்யூட்டர் மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு நமக்குக் கிடையாது, ஏனென்றால் நம் படிப்பு ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இல்லை. அந்த ஒரு வருடத்துக்குள் கிளினிக்கல் ஃபெல்லோஷிப் என்ற மேற்பார்வைப் பணியை முடிக்க வேண்டும்: முழுநேரமாக 36 வாரம், மொத்தம் 1,260 மணி நேரம். கணக்குச் சரியாகத்தான் வரும், ஆனால் வேலை தேடுவதில் மூன்று மாதம் போனால் இடிக்கும். அதன்பிறகு எச்-1பி வேலை விசா. அதற்குப் பெரும்பாலும் குலுக்கல் முறைதான். தனியார் கிளினிக், முதியோர் பராமரிப்பு மையம் போன்றவை குலுக்கலுக்குள் வரும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகள் குலுக்கலுக்கு வெளியே. நம் தொழிலுக்கு விசாஸ்க்ரீன் என்ற தனிச் சான்றிதழும் உண்டு. அமெரிக்காவிலேயே படித்திருந்தாலும் அது வேண்டும். இதையெல்லாம் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சரி, விண்ணப்பத்துக்கு வருவோம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இங்கே ஒரு முதுகலை இடம் என்பது வகுப்பில் ஒரு நாற்காலி மட்டும் அல்ல. சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே பல்கலைக்கழக கிளினிக்கில் உங்களிடம் ஒரு நோயாளியை ஒப்படைப்பார்கள். ஆஷா சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி நேரம் பார்த்துக் கற்பது, 375 மணி நேரம் நேரடியாக நோயாளியோடு. ஒவ்வொரு மாணவருக்கும் அத்தனை மணி நேரத்தையும், மேற்பார்வை செய்ய ஆளையும் துறை ஏற்பாடு செய்தாக வேண்டும். அதனால்தான் ஒரு வகுப்பில் பெரும்பாலும் சில டஜன் பேருக்குத்தான் இடம். விண்ணப்பத்தைப் படிப்பவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: செப்டம்பரில் இவரிடம் ஒரு குழந்தையையும் அதன் அம்மாவையும் நம்பி அனுப்பலாமா? மார்க், பரிந்துரைக் கடிதம், எஸ்ஓபி எல்லாமே இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. உங்களோடு போட்டியிடும் அமெரிக்க மாணவர்களில் பலருக்கு இளங்கலையில் கிடைத்தது 25 மணி நேரப் பார்வையிடல் மட்டும்தான். நோயாளியின் எதிரில் உட்கார்ந்தே இருக்க மாட்டார்கள். நீங்கள் ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த மணி நேரங்கள் ஆஷாவின் 400-ல் சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 325 மணி நேரம் முதுகலையில்தான் முடிக்க வேண்டும் என்பது விதி. மிச்சத்துக்கும் ஆஷா சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வை வேண்டும். கணக்கில் சேராவிட்டாலும் அனுபவமாக அது கனமானது. அதை விண்ணப்பத்தில் சரியாகக் காட்டுவதில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள்.

எஸ்ஓபியை எடுத்துக்கொள்வோம். "சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்வது என் கனவு, என் உறவினர் ஒருவருக்குத் திக்குவாய் இருந்தது, அப்போதே முடிவு செய்தேன்" என்று தொடங்கும் எஸ்ஓபிகள் ஏராளம். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகும், நோயாளி முன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரியாது.

அதற்குப் பதில் ஒரே ஒரு நோயாளியை எடுத்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய பேருந்து நடத்துநர் ஒருவர் உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம். சொல்வது புரிகிறது, ஆனால் பொருள்களின் பெயர் வாயில் வருவதில்லை. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். படம் காட்டிப் பெயர் கேட்கும் பயிற்சியை முதல் இரண்டு வாரம் தமிழில் செய்கிறீர்கள், முன்னேற்றம் இல்லை. பிறகு படங்களை மாற்றி விசில், டிக்கெட், சில்லறை, கடைசி நிறுத்தம் என்று அவருடைய வேலையிலிருந்தே சொற்களை எடுக்கிறீர்கள். பெயர் வராதபோது "இது எங்கே இருக்கும்? எதற்கு? யார் வைத்திருப்பார்கள்?" என்று கேட்டு அந்தச் சொல்லைச் சுற்றியுள்ள அர்த்தங்களை எழுப்புகிறீர்கள். பத்துச் சொற்களில் எத்தனை வருகின்றன என்று ஒவ்வொரு முறையும் குறிக்கிறீர்கள். தமிழில் பயிற்சி செய்த சொற்கள் தெலுங்கிலும் திரும்புகின்றனவா என்று அவருடைய மனைவியை விட்டுக் கேட்கச் சொல்லிப் பார்க்கிறீர்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, உங்களுக்கு எது புரியவில்லை, அதைப் புரிந்துகொள்ள இந்தத் துறையில் என்ன கற்க விரும்புகிறீர்கள். இவ்வளவுதான் எஸ்ஓபி. ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம்.

இந்த ஒரு பத்தியில் அவர்கள் தேடும் எல்லாம் வந்துவிடுகிறது: கவனிப்பது, அளப்பது, பலிக்காததை மாற்றுவது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது. கேஸ் உங்களுடையதாக, நடந்ததாக இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் துருவிக் கேட்டால் இரவல் கதை நிற்காது. நோயாளியின் பெயர், ஊர், மருத்துவமனை எதையும் எழுதாதீர்கள். இங்கே அந்தரங்கக் காப்பு விஷயத்தில் மிகவும் கண்டிப்பு, விண்ணப்பத்திலேயே அதை மீறினால் மோசமான தொடக்கம்.

இருமொழி விஷயத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாணவர்கள் இதைச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் நம் துறையின் மையமான கேள்விகளில் ஒன்று: ஒரு குழந்தை வேறு விதமாகப் பேசுவது மொழி வேறுபாடா, உண்மையான குறைபாடா? ஸ்பானிஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளை ஆங்கிலப் பரிசோதனையால் அளந்து தவறான முடிவுக்கு வருவது பற்றி இங்கே தொடர்ந்து விவாதம் நடக்கிறது. நீங்கள் இதைத் தினமும் பார்த்தவர். பரிசோதனை அட்டையில் நாற்காலிப் படம். குழந்தை "சேரு" என்கிறது. மதிப்பெண் தாளில் "நாற்காலி" என்றுதான் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு மார்க் போடுவீர்களா, மாட்டீர்களா? ஏன்? வீட்டில் உருதும், பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் தமிழும் பேசும் பிள்ளையை எந்த மொழியில் பரிசோதித்தீர்கள்? இதற்கெல்லாம் நீங்கள் யோசித்து எடுத்த முடிவுகள் இருக்கும். அவற்றை எழுதுங்கள்.

காக்ளியர் இம்ப்ளான்ட் குழந்தைகள் பற்றியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கும் இம்ப்ளான்ட் கிடைக்கிறது. அதனால் ஒரு இன்டர்ன் பார்க்கும் இம்ப்ளான்ட் குழந்தைகளின் எண்ணிக்கை அமெரிக்க மாணவர்களுக்கு எட்டாதது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் அம்மாவுக்கு, வீட்டில் அரிசி களையும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் எப்படிக் குழந்தையைக் கேட்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். குடும்பத்தைப் பயிற்றுவிப்பது என்று இங்கே ஒரு பாடமே நடத்துகிறார்கள்.

பரிந்துரைக் கடிதம் அடுத்த பெரிய ஓட்டை. பொதுவாக மூன்று கேட்பார்கள். நம் ஊர் வழக்கப்படி துறைத் தலைவர், முதல்வர் என்று பதவி பார்த்து வாங்குகிறோம். அவர்களும் "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். எந்த மாணவருக்கும் பொருந்தும் கடிதத்தை வைத்து உங்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களை நோயாளியோடு பார்த்த மேற்பார்வையாளர் ஜூனியராக இருந்தாலும் அவரிடமே கேளுங்கள். "பக்கவாத வார்டில் ஒருவர் கஞ்சி குடிக்கும்போது குரல் ஈரமாக மாறியதை இவர்தான் முதலில் கவனித்தார். ஊட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்" என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும். விழுங்கியது மூச்சுக்குழாய் பக்கம் போகிறது என்பதற்கு அது அறிகுறி. அமெரிக்க மருத்துவமனைகளில் நம் வேலையில் பெரும்பகுதி விழுங்குதல் பிரச்சினைதான். அந்த ஒரு வரி அங்கே நன்றாகப் பேசும். "நீயே டிராஃப்ட் எழுதிக் கொண்டு வா" என்று சொன்னால் பணிவாக மறுத்துவிட்டு, நீங்கள் பார்த்த கேஸ்களின் பட்டியலை மட்டும் கொடுங்கள். மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது போல இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கடிதம் எழுதுபவரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக லிங்க் போகும், அதனால் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே கொடுக்கச் சொல்லுங்கள்.

68 சதவீதம் பற்றிக் கவலை வேண்டாம். நம் மதிப்பெண்ணை அப்படியே பார்க்க மாட்டார்கள். வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனம் பாடவாரியாக அமெரிக்க ஜிபிஏவாக (நான்கு புள்ளிக் கணக்கில் சராசரி மதிப்பெண்) மாற்றித் தரும். முதல் வகுப்பு மதிப்பெண் அதில் நீங்கள் பயப்படுவதைவிட நன்றாகவே மாறும். பிஏஎஸ்எல்பி நான்கு வருடப் படிப்பு என்பதும் ஒரு வசதி. மூன்று வருட பிஎஸ்சி முடித்தவர்களுக்கு வரும் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகப் போக வேண்டும். உங்கள் கல்லூரி எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் என்றால் கிண்டிக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கலாம். ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்.

பாடங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆஷா நான்கு அடிப்படைப் பாடங்களைக் கேட்கிறது: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், உளவியல் போன்ற ஒரு சமூக அறிவியல். உளவியலும் புள்ளியியலும் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. சிக்கல் இயற்பியலில்தான். பிளஸ் டூ பிசிக்ஸ் பொதுவாகக் கணக்கில் வராது. நாம் படித்த அகவுஸ்டிக்ஸை (ஒலியின் இயற்பியல்) ஒரு துறை ஏற்கும், இன்னொன்று ஏற்காது. கல்லூரியில் சிலபஸை முத்திரையோடு வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துறைக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். இதற்காக இடம் போகாது. வந்த பிறகு ஒரு கோடைக்காலப் பாடமாக முடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஜிஆர்இ: 2020-க்குப் பிறகு நிறைய இடங்கள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் ஒன்றிரண்டு மட்டும் கேட்டால், அவற்றை நீக்கிவிட்டு வேறு பார்க்கலாம்.

ஆங்கிலத் தேர்வில் மொத்த மதிப்பெண்ணைவிடப் பேசும் பகுதியின் மதிப்பெண்ணைப் பல துறைகள் தனியாகப் பார்க்கும். உச்சரிப்புப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். தமிழ் வாடை இருப்பது குற்றமில்லை. உச்சரிப்பை மட்டும் காரணம் காட்டி யாரையும் இந்தப் படிப்பிலிருந்து விலக்கக்கூடாது என்பதே ஆஷாவின் நிலைப்பாடு. ஆனால் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் ஒலியை நீங்கள் செய்து காட்ட வேண்டும். ஆங்கிலத்தின் வி, டபிள்யூ இரண்டையும் நாம் "வ" என்றே சொல்லிவிடுகிறோம். "திங்க்" என்ற சொல்லின் முதல் ஒலிக்கு நாக்கு நுனி பற்களுக்கு நடுவே வர வேண்டும். நாம் பல்லின் பின்னால் தட்டிவிடுகிறோம். ஒலியியல் படித்தவர் நீங்கள், கண்ணாடி முன் உட்கார்ந்து சரிசெய்ய உங்களுக்குத் தெரியும்.

எங்கே விண்ணப்பிப்பது? அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்புகள் நாடு முழுக்க 300-க்கு மேல் இருக்கின்றன. அங்கீகாரம் என்றால் ஆஷாவின் சிஏஏ குழு தந்தது; அது இல்லாத இடத்தை எட்டிப் பார்க்காதீர்கள். ஆஷாவின் இணையதளத்தில் எட்ஃபைண்ட் என்ற தேடல் வசதி இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், சேர்ந்தவர்களின் ஜிபிஏ என்ன என்பதெல்லாம் அதிலேயே கிடைக்கும். தரவரிசைப் பட்டியலை மூடிவிட்டு இதைத் திறந்து வையுங்கள். இரண்டு கேள்வியை மட்டும் துறைக்கு நேரடியாக அனுப்புங்கள்: வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி இடம் கிடைத்ததா? முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புகளுக்கு மாணவர் விசா கிடைக்காது, அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தும் இடங்களாக ஆறு முதல் எட்டு வரை போதும். இம்ப்ளான்ட் குழந்தைகள்தான் மனதுக்குப் பிடித்தது என்றால் டல்லாஸில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் காலியர் சென்டர் பார்க்க வேண்டிய இடம். அஃபேசியா என்றால் சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன். இருமொழி அஃபேசியாவில் சுவாதி கிரண் ஆராய்ச்சி செய்யும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் உண்டு. இவை பெரிய பெயர்கள், போட்டி கடுமை, செலவும் அதிகம். பெயர் குறைவான அரசுப் பல்கலைக்கழகங்கள் நாலைந்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது லைசென்ஸ், சான்றிதழுக்கான பிராக்சிஸ் தேர்வு (200-க்கு 162 எடுத்தால் தேர்ச்சி), எங்கே பயிற்சி செய்தீர்கள் என்பது. தரவரிசையைப் பற்றி எங்கள் மருத்துவமனையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெரும்பாலான துறைகள் சிஎஸ்டிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. கோடையில் திறக்கும், கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில். பதில்கள் பிப்ரவரி, மார்ச்சில் வரத் தொடங்கும், ஏப்ரல் 15-க்குள் சேர்கிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் மனம் தளர வேண்டாம். ஏப்ரல் 15-ஐ ஒட்டி நிறைய இடங்கள் நகரும்.

இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் ஒரு வேலையை மட்டும் முடித்துவிடுங்கள். லாக் புக்கை வயது, குறைபாடு, எத்தனை மணி நேரம், பரிசோதனையா சிகிச்சையா என்று பிரித்து ஒரு பக்கத்தில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து வையுங்கள். கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு, மேற்பார்வையாளர் வேறு ஊருக்கு மாறிப்போன பிறகு, இதை வாங்குவது பெரிய பாடு. விழுங்குதல் பரிசோதனையை இதுவரை பார்க்கவில்லை என்றால், மிச்சமிருக்கும் மாதங்களில் இஎன்டி பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ கேட்டு நாலு கேஸாவது பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தக் கேஸ்களும் லாக் புக்கில் ஏறட்டும்.